விமானம் எத்தனை மணிக்கு வரும்?

இலண்டனிலிருந்து மகனோ மகளோ புறப்பட்டுவிட்டால் வீட்டிலே முதலில் எழும் கேள்வி இதுதான். எழுபது வயதுப் பாட்டியாரும் கேட்பார். ஏழு வயதுப் பேரனும் கேட்பான். யாராவது ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்துத் தட்டுவார். இத்தனை கிலோமீற்றர், இத்தனை மணித்தியாலம் என்று அது விடை கூறிவிடும். அந்த விடை எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் மிகச் சிலரே. வினவாவிட்டால் என்ன குறை என்று கேட்கலாம். விமானம் ஒரு மணித்தியாலம் பிந்தினால் வீட்டிலுள்ளோர் படும் பாட்டை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

தொலைபேசி கூறும் விடையில் இரண்டு செய்திகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று தூரம், மற்றது நேரம். தூரம் கணிதத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டது. பாடசாலைத் திரிகோணகணிதம் கற்ற எவரும் அதை அரை மணி நேரத்தில் தாமே கண்டுகொள்ளலாம். நேரமோ காற்றுக்கும், கடிகாரத்துக்கும், நாடுகளின் சண்டைக்கும் கட்டுப்பட்டது. முன்னதை நம்புவதுபோலப் பின்னதை நம்புவதால்தான் வீண் கலக்கம் உண்டாகிறது.

எளிய உதாரணம் ஒன்றிலிருந்து தொடங்குவோம். பலாலி விமான நிலையம் வட அகலக்கோடு 9.79 பாகையில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் 12.99 பாகையில் இருக்கிறது. நெடுங்கோட்டைப் பார்த்தால் பலாலிக்குக் கிழக்கு 80.07, சென்னைக்குக் கிழக்கு 80.17. வேறுபாடு ஒரு பாகையில் பத்திலொரு பங்கே. ஆகையால் பலாலிக்கு நேர் வடக்கே சென்னை என்று கொள்வதில் பெரும் பிழை இல்லை. அகலக்கோடுகளின் வேறுபாடு 3.20 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை; பூமியின் மேற்பரப்பில் ஒரு கலை ஒரு கடல் மைல். எனவே தூரம் 192 கடல் மைல். கடல் மைல் ஒன்று 1,852 மீற்றர் ஆதலின், ஏறக்குறைய 356 கிலோமீற்றர். கணக்கு முடிந்துவிட்டது.

கடல் மைல் என்பது கப்பற்காரர் தம் விருப்பம்போல வைத்துக்கொண்ட அளவன்று. பூமியின் உருவத்திலிருந்தே பிறந்தது. மீற்றரும் அப்படியே. வடமுனையிலிருந்து பூமத்திய கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீற்றர் ஆகவேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார்கள். அதனாலேதான் பூமியைச் சுற்றிவரும் தூரம் நாற்பதாயிரம் கிலோமீற்றருக்கு மிக அண்மையாக வருகிறது. இதைத் தற்செயல் என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர் பலர்.

1947 டிசெம்பரில் எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, சென்னையிலிருந்து சிறிய சுழல்விசிறி விமானங்கள் மீண்டும் வரத் தொடங்கின. அத்தகைய விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். 356 ஐ 500 ஆல் வகுத்தால் 43 நிமிடம். ஆனால் கால அட்டவணையோ ஒரு மணித்தியாலத்துக்கும் அதிகமாகக் காட்டும். அட்டவணை பொய் கூறவில்லை. விமானக் கம்பெனிகள் நேரத்தை எண்ணத் தொடங்குவது, சக்கரத்தின் கீழ் இட்ட தடைக்கட்டையை எடுக்கும் கணத்தில்; எண்ணி முடிப்பது, மறுமுனையில் மீண்டும் கட்டை இடும் கணத்தில். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லுதல், மேலே ஏறுதல், இறங்குமுன் வேகம் தணித்து வட்டமிடுதல் யாவும் இதனுள் அடங்கும். குறுகிய பயணத்தில் இச்செலவு பெரிதாகத் தோன்றும். நெடும் பயணத்தில் மறைந்துவிடும்.

இனி இலண்டனுக்கு வருவோம். ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றது என்ற வசதி இங்கே இல்லை. கட்டுநாயக்கா வட அகலக்கோடு 7.18, கிழக்கு நெடுங்கோடு 79.88. இலண்டன் ஹீத்ரோ வட அகலக்கோடு 51.47, மேற்கு நெடுங்கோடு 0.45. நெடுங்கோடுகளின் இடைவெளி 80.33 பாகை. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு ஆதலின் கூட்டவேண்டும். கழித்துவிட்டுத் திகைத்து நிற்கும் மாணவரை ஆண்டுதோறும் காண்கிறோம்.

விதி இதுதான். இரு அகலக்கோடுகளின் சைன்களைத் தம்முள் பெருக்குக. இரு அகலக்கோடுகளின் கோசைன்களையும் நெடுங்கோட்டு இடைவெளியின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குக. இரு பெருக்கங்களையும் கூட்டினால், பூமியின் நடுவிலிருந்து பார்க்கும்போது இரு நகரங்களுக்கும் இடையே தோன்றும் கோணத்தின் கோசைன் கிடைக்கும்.

முதற் பெருக்கம்: 0.1250 × 0.7823 = 0.0978. இரண்டாவது: 0.9922 × 0.6229 × 0.1680 = 0.1038. கூட்டுத்தொகை 0.2016. இதனைக் கோசைனாகக் கொண்ட கோணம் 78.37 பாகை. அறுபதால் பெருக்க 4,702 கடல் மைல். அதாவது 8,708 கிலோமீற்றர். கைத்தொலைபேசி சில கிலோமீற்றர் கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடும். பூமி முழு உருண்டையன்று; முனைகளிற் சற்றே அமுங்கியது. நடுவிலிருந்து பூமத்திய கோட்டுக்கு 6,378 கிலோமீற்றர், முனைக்கு 6,357. அந்த நுட்பத்தைச் சேர்த்தாலும் விடை நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் மாறாது. நம் தேவைக்கு 8,700 என்று வைத்துக்கொள்வோம்.

இத்தூரம் எவ்வழியாற் செல்லும்போது கிடைக்கும்? சுவரிலே தொங்கும் உலகப் படத்தில் கொழும்புக்கும் இலண்டனுக்கும் அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுப்பவர் ஏமாந்துபோவார். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்த குற்றம் அது. ஒரே திசையைக் காட்டிக்கொண்டு அக்கோட்டின் வழியே சென்றால் 8,900 கிலோமீற்றருக்கு மேல் பறக்கவேண்டும். இருநூறு கிலோமீற்றருக்கு அதிகமான வீண் அலைச்சல். குறுகிய வழியைக் காண, பூமியுருண்டையிலே இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். பூமியுருண்டை வீட்டில் இல்லையேல் ஒரு தோடம்பழமும் இரண்டு குண்டூசிகளும் போதும். நூல் கிடக்கும் கோடே பெருவட்டம்.

அந்த நூலைத் தொடர்ந்து செல்வது சுவையான பொழுதுபோக்கு. கட்டுநாயக்காவிலிருந்து வடமேற்காகக் கிளம்பும் கோடு மன்னார்க் குடாவைக் கடந்து, விருதுநகர் மாவட்டத்தின் மேலாகவும் பொள்ளாச்சிக்கு மேலாகவும் சென்று, வயநாட்டு மலைகளைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கும். பாக்கிஸ்தானின் மக்ரான் கரையில் மீண்டும் நிலத்தைத் தொடும். பின்பு ஈரானின் தலைநகராகிய தெகுரானுக்கு அருகாக, கோக்கேசிய மலைகள், கருங்கடல், கிரைமியா, ஒடெசாவின் சுற்றுப்புறம், சிலோவாக்கியா, பிராக் நகரம், பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் ஆகியவற்றைத் தொட்டுக்கொண்டு இலண்டனை அடையும். புறப்படும்போது வடமேற்கு நோக்கிய கோடு, இலண்டனைச் சேரும்போது ஏறக்குறைய நேர் மேற்கு நோக்கி நிற்கும். வழி வளையவில்லை, பூமிதான் வளைந்திருக்கிறது.

மேலே கூறிய ஊர்ப் பெயர்களை மீண்டும் ஒருமுறை படித்தால் வேறொன்று புலப்படும். 2014 யூலை 17 ஆம் திகதி, ஆம்ஸ்ரர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரைனின் மேலே சுட்டு வீழ்த்தப்பட்டு 298 உயிர்கள் மாண்டன. அவர்களுள் போருக்குச் சம்பந்தப்பட்டவர் எவருமில்லை. குறுகிய வழியிலே பறந்துகொண்டிருந்தவர்கள், அவ்வளவே. 2022 பெப்ரவரி 24 ஆம் திகதி போர் மூண்டவுடன் உக்ரைனின் வானம் முழுவதும் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. பாக்கிஸ்தானின் வானம் 2019 பெப்ரவரியிலும், ஈரானின் வானம் 2025 யூனிலும் மூடப்பட்டன. நமது நூல் இம்மூன்று நாடுகளின் மேலாகவும் கிடக்கிறது. ஒரு கதவு மூடினால் விமானம் தெற்கே விலகி, வளைகுடா நாடுகளையோ துருக்கியையோ சுற்றிக்கொண்டு போகவேண்டும். தூரக் கணக்கு அப்படியே இருக்கும், நேரம் நீளும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று நமது வானத்தில் இல்லை, பின்லாந்திலே இருக்கிறது. தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு ஏறக்குறைய 7,800 கிலோமீற்றர். ரஷ்யாவின் மேலாகப் பறந்த காலத்தில் ஒன்பதரை மணித்தியாலத்துக்குள் பயணம் முடிந்தது. 2022 இல் அந்த வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபின், அதே நகரங்களுக்கிடையே வடமுனையைச் சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணித்தியாலம் பறக்க நேர்ந்தது. இரு நகரங்களும் ஓர் அங்குலமேனும் நகரவில்லை.

அடுத்தது காற்று. பெரிய தாரை விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் பறக்கும். 8,700 ஐ 900 ஆல் வகுத்தால் 9 மணி 40 நிமிடம். கால அட்டவணையிலோ இலண்டனுக்குப் போக ஏறக்குறைய பதினொரு மணித்தியாலம். அங்கிருந்து வர ஏறக்குறைய பத்தரை. போக்குக்கும் வரவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டுக்கு முதற்காரணம், நடு அகலக்கோடுகளின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெருங்காற்று. தாரைக்காற்று என்பர். அதனை ஆராய்ந்து கண்டவர்களுள் முன்னோடி, ஊய்ஷி வசாபுரோ என்னும் ஜப்பானியர். 1920 களில் பலூன்களை வானில் விட்டு அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926 இல் தம் முடிபுகளை எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். உலக மொழியாகும் என்று பலர் நம்பியிருந்த அம்மொழியில் எழுதியதாலேயே உலகம் அதைப் படிக்காமல் விட்டது.

இந்தக் காற்றின் வலிமைக்கு ஓர் அளவு கூறுவேன். நியூயோர்க்கிலிருந்து இலண்டனுக்குச் சாதாரணமாக ஆறரை ஏழு மணித்தியாலம் செல்லும். 2020 பெப்ரவரியில், புயலோடு கூடிய கடுங்காற்று முதுகிலே தள்ள, ஒரு விமானம் ஐந்து மணித்தியாலத்துக்கும் குறைவான நேரத்தில் அத்திலாந்திக்கைக் கடந்துவிட்டது.

போகும்போது எதிர்த்த காற்று வரும்போது உதவுமாதலால் இலாபமும் நட்டமும் சரியாகிவிடும் என்று கூறுவோர் உண்டு. அது பிழை. வழி முழுவதும் மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். போகும் வேகம் 800; நேரம் 10 மணி 52 நிமிடம். வரும் வேகம் 1,000. நேரம் 8 மணி 42 நிமிடம். கூட்டினால் 19 மணி 34 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக்கும் வரவும் 19 மணி 20 நிமிடம். கால் மணி நேரம் எங்கே போயிற்று? எதிர்காற்றிலே நாம் கழிக்கும் நேரம் அதிகம். பின்காற்றிலே கழிக்கும் நேரம் குறைவு. ஆகவே காற்று எப்போதும் நமக்குக் கடனாளியாகவே நிற்கும்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே. விமானம் மேலே எழும்பி அசையாமல் நின்றால் இலண்டன் தானாகவே கீழே வந்துவிடாதா? இப்படியொரு கேள்வியை வகுப்பில் யாராவது ஒரு மாணவன் கேட்கத் தவறுவதில்லை. நல்ல கேள்வி; நகைக்கக் கூடாது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் புகையிரதத்தினுள்ளே பறக்கும் ஈ பெட்டியின் பின்சுவரில் மோதுவதில்லையே, அதுபோலத்தான்.

தூரம் ஒன்றாயிருக்க நேரம் எவ்வளவு மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது, இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான ஆகாய வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க, 1943 யூலை முதல் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை வாவிக்கும் பேர்த் நகருக்கும் இடையே கற்றலீனா என்னும் நீர்விமானங்கள் பறந்தன. பெருவட்டக் கணக்கிட்டால் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் 28 மணித்தியாலம். காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணித்தியாலம் வரை இடைநிறுத்தமின்றிப் பறந்தார்கள். எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்குமேல் ஏற்ற இயலாது. பகைவர் காதில் விழாதிருக்க வானொலியில் வாய் திறக்கவில்லை. நட்சத்திரங்களை அளந்தே வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயத்தைக் கண்டதற்குச் சான்றாக ஒவ்வொரு பயணிக்கும் இரட்டைச் சூரியோதயப் பத்திரம் ஒன்று வழங்கப்பட்டது.

ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள்: அல்தேர், வேகா, ரைஜெல், அன்ராரிஸ், ஸ்பைக்கா. ரைஜெல் நீங்கலாக மற்றவை நம் வீட்டுப் பஞ்சாங்கம் அறிந்த பழைய நண்பர்களே. அல்தேர் திருவோணம், வேகா அபிஜித், அன்ராரிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. இந்து சமுத்திரத்தின் நடு இரவில் சித்திரையையும் கேட்டையையும் கொண்டு கணக்கிட்டவர்கள், 1945 வரையில் 271 தடவை கடலைக் கடந்தும் ஒரு விமானத்தையேனும் இழக்கவில்லை. அவர்கள் பயன்படுத்திய கணிதம் மேலே நாம் செய்த கணிதத்தின் உடன்பிறப்பே. கணிப்பொறி இல்லை, அட்டவணைப் புத்தகமும் பென்சிலும் இருந்தன.

எஞ்சியிருப்பது கடிகாரம். குடும்பங்களில் அதிகம் குழப்பம் விளைப்பது இதுவே. கட்டுநாயக்காவிலிருந்து பிற்பகல் 1 மணிக்குப் புறப்பட்டு, பதினொரு மணித்தியாலம் பறந்து இலண்டனில் இறங்கும்போது நம் வீட்டிலே நள்ளிரவு 12. கோடைகாலமாயின் இலண்டன் நம்மிலும் நாலரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே மாலை 7.30. குளிர்காலமாயின் ஐந்தரை மணித்தியாலம். அங்கே மாலை 6.30. மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறன்று முன்னே தள்ளும் கடிகாரத்தை ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று அவர்கள் பின்னே தள்ளுவார்கள். நம்மவரும் சும்மா இருந்துவிடவில்லை. 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. 2006 ஏப்ரலில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டுகளிற் பயணச்சீட்டு எடுத்தவர்கள் பட்ட அல்லலைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பறந்த நேரத்தைப் பயணச்சீட்டிலிருந்தே அறிய ஓர் எளிய வழி உண்டு. கோடைகாலத்தில் மேற்படி பயணம் பிற்பகல் 1 மணியிலிருந்து மாலை 7.30 வரை, அதாவது ஆறரை மணித்தியாலம் போலத் தோன்றும். திரும்பும்போது இலண்டனில் இரவு 9 மணிக்கு ஏறினால் மறுநாள் நண்பகல் 12 மணிக்கு இங்கே இறங்கலாம். பதினைந்து மணித்தியாலம் போலத் தோன்றும். இரண்டும் மாயம். ஆனால் கூட்டிப் பாருங்கள்: இருபத்தொன்றரை. பதினொன்றும் பத்தரையும் சேர்ந்தாலும் அதே தொகை. போக்கில் மறைந்த நாலரை மணித்தியாலம் வரவில் வெளிப்பட்டுவிடும்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இன்னுமொரு வார்த்தை. கட்டுநாயக்காவில் விமானம் இறங்கிய நேரத்தை மகன் வீடு சேரும் நேரமாக எண்ணிவிடாதீர்கள். அங்கிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் 290 கிலோமீற்றர். தாரை விமானமாயின் இருபது நிமிடம். தெருவழியாகவோ 350 கிலோமீற்றருக்கு மேல். வானில் ஏழெட்டு மணித்தியாலம் செல்லும். இலண்டனிலிருந்து வந்தவருக்குப் பயணத்தின் நெடும் பகுதி இனிமேல்தான் என்று தோன்றினால் வியப்பில்லை.

மாணவர்கள் தாமே செய்து பார்க்க ஒரு கணக்கு. ரொறன்ரோ விமான நிலையம் வட அகலக்கோடு 43.68, மேற்கு நெடுங்கோடு 79.63. கட்டுநாயக்கா கிறீனிச்சுக்குக் கிழக்கே எண்பது பாகையளவில் இருப்பதுபோல, ரொறன்ரோ மேற்கே எண்பது பாகையளவில் இருக்கிறது. கட்டுநாயக்காவுக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் காண்க. நெடுங்கோட்டு இடைவெளி 159.51 பாகை வரும். அதன் கோசைன் மறை எண். அதைக் கண்டு அஞ்சவேண்டா. நெடுங்கோட்டு இடைவெளி 90 பாகைக்கு மேற்பட்டது என்பதே அதன் பொருள். விடை ஏறக்குறைய 13,985 கிலோமீற்றர். முடித்தபின் தோடம்பழத்திலோ பூமியுருண்டையிலோ நூலைப் பிடித்துப் பாருங்கள். கனடாவுக்குப் போகும் அந்த வழி வடக்கே 72 பாகை வரை ஏறி, நோர்வேக்கு அப்பாலுள்ள உறைகடலின் மேலாகச் செல்லும்.